மரம் மக்கிப்போச்சு.. கழுதைத் தலை மிஞ்சிச்சு! கிரேக்கக் கட்டிலின் கதை என்ன?

வெண்கலத்தில் ஒரு கோவேறு கழுதைத் தலை. கழுத்தைத் திருப்பி முறைக்கிறது. பார்த்தால் உடைந்த சிலைத் துண்டு போல இருக்கும். ஆனால், அது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கட்டிலின் பாகம்!

கட்டிலுக்கு எதுக்கு கழுதைத் தலை?

பழங்கால கிரேக்க ஆண்கள் விருந்தில் 'கிளினே' என்ற கட்டிலில் ஒருக்களித்துச் சாய்ந்து, இடது முழங்கையைத் தலையணையில் ஊன்றியபடி சாப்பிடுவார்கள். அந்தத் தலையணையைத் தாங்க, தலைமாட்டில் வளைந்த மரச் சாய்மானம் இருக்கும். அதன் பக்கவாட்டில் பொருத்திய வெண்கல அலங்காரத்துக்கு லத்தீனில் 'ஃபுல்க்ரம்' என்று பெயர். மேல் முனையில் கழுதை அல்லது வாத்தின் தலை, கீழ் முனையில் தெய்வத்தின் மார்பளவு உருவம். விருந்துன்னா ஒயின், ஒயினுக்குத் தெய்வம் டயோனிசஸ். கழுதையும் அவரோட பரிவாரம்தான்.

எங்கே செய்தார்கள்?

ஏஜியன் கடலில் உள்ள டெலோஸ் தீவு இதற்குப் பேர்போனது. அந்தத் தீவின் வெண்கலம் முதலில் கட்டில் கால்களால்தான் புகழ்பெற்றது என ரோம எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார். கட்டில் பாகங்களை வார்க்கப் பயன்பட்ட களிமண் அச்சுகளும் அங்கே அகழாய்வில் கிடைத்துள்ளன. விலை உயர்ந்தவற்றில் வெள்ளியும் செம்பும் பதித்திருப்பார்கள்.

அப்போ கட்டில் எங்கே?

மரம் மக்கிவிட்டது. வெண்கலத்தையும் பெரும்பாலும் உருக்கி வேறு பொருளாக்கிவிட்டார்கள். உருக்குபவர் கைக்கு எட்டாமல் காப்பாற்றியது கடல்தான்! 1907-ல் துனிசியாவின் மஹ்தியா அருகே, கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய கிரேக்கர்கள் ஒரு கப்பலைக் கண்டார்கள். கி.மு. 1-ம் நூற்றாண்டில் மூழ்கிய அந்தக் கப்பலில் பளிங்குத் தூண்கள், சிலைகளோடு பல கட்டில்களின் வெண்கல பாகங்களும் இருந்தன. அவை இப்போது துனிஸ் நகரின் பார்டோ அருங்காட்சியகத்தில் உள்ளன.

இதில் என்ன சிக்கல்?

மரம் இல்லாததால், எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்பதே குழப்பம். 19-ம் நூற்றாண்டில் இத்தாலியில் கிடைத்த சில கட்டில் பாகங்களை இருவர் அமரும் இருக்கையாகத் தவறாகக் கோத்துவிட்டார்கள். கட்டில் பாகங்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதனால்தான், ஒரு துண்டு எந்த இடத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற குறிப்பு முக்கியம். திருட்டுத்தனமாகத் தோண்டி விற்றால் கழுதைத் தலை மட்டும்தான் மிஞ்சும். கட்டில் இன்னொரு முறை காணாமல் போய்விடும்.