வெள்ளை வேட்டிக்கு எஃகுக் கடிகாரம்

முகூர்த்த நாளில் புதுக்கோட்டை மாவட்டத்தின் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையின் மாமாக்கள், சித்தப்பாக்கள் வரிசையில் அந்த உடையைக் காணலாம்: கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, இடது மணிக்கட்டில் எஃகுச் செயின் போட்ட கனமான கடிகாரம். அறந்தாங்கி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பொருள்களில் ‘ஃபாரின் வாட்ச்’ முக்கியமானது. அதில் சீக்கோ ஃபைவுக்குத் தனி மதிப்பு இருந்தது. வசதி கூடிய வீடுகளில் அதே இடத்துக்கு இப்போது ரோலெக்ஸ் போன்ற சுவிஸ் கடிகாரங்களும் வருகின்றன.

இவையெல்லாம் விளையாட்டுக் கடிகாரங்கள் என்ற வகையைச் சேர்ந்தவை. நீரில் மூழ்குபவரையும் வெயிலில் ஓடுபவரையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சபைக்குப் போகும் உடையோடு இவற்றைக் கட்டக்கூடாது என்று மேலைநாட்டு உடை வழக்கம் நெடுங்காலம் சொல்லிவந்தது. அந்த விதி எதனால் வந்தது, நமக்குப் பொருந்துமா என்பது கடிகாரத்தின் மூடியைத் திறந்து பார்த்தால் விளங்கும்.

தடிமன் எங்கிருந்து வருகிறது?

நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 100 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 10 கிலோ எடை அழுத்தும். கடிகாரக் கண்ணாடியின் விட்டம் 30 மி.மீ. என்றால் அதன் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர். ஆகவே அந்தச் சின்னக் கண்ணாடி மட்டும் 70 கிலோ எடையைத் தாங்க வேண்டும். அது கொஞ்சம் உள்வளைந்தாலும் முள்ளில் இடிக்கும். அதனால் கண்ணாடி தடிக்கிறது, பின்மூடியும் தடிக்கிறது. மூடி சேரும் இடத்திலும், ‘கீ’ என்று நாம் சொல்லும் திருகு உள்ளே போகும் இடத்திலும் ரப்பர் வளையங்கள் உட்காருகின்றன. அந்தக் கீயே மரை வைத்துத் திருகி மூடும்படி இருக்கிறது. ரோலெக்ஸ் 1926-ல் கொண்டுவந்த ஆய்ஸ்டர் கூடு இந்த முறையைப் பரவச் செய்தது.

1953-ல் பிளான்பேன் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபேதம்ஸ், ரோலெக்ஸின் சப்மரீனர் ஆகிய இரண்டு மூழ்குக் கடிகாரங்கள் பிறந்தன. டயலைச் சுற்றி நிமிடக் கோடுகள் போட்ட சுழலும் வளையம் இவற்றின் அடையாளம். நீரில் இறங்கும்போது அதைத் திருப்பி நிமிட முள்ளோடு பொருத்திவிட்டால் கழிந்த நேரம் தெரியும். பிற்காலத்து மூழ்குக் கடிகாரங்களில் இந்த வளையம் ஒரே திசையில்தான் சுழலும். பாறையில் இடித்துத் தவறுதலாக நகர்ந்தாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. மூழ்கியவர் காற்று தீருமுன்பே மேலே வந்துவிடுவார். ஓர் உயிரைக் காக்க இவ்வளவு எளிய வழியை யோசித்தவர்களை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

தானியங்கிக் கடிகாரமாக இருந்தால் இன்னோர் அடுக்கும் உண்டு. கை அசையும்போது சுழன்று மெயின் ஸ்பிரிங்கை முறுக்கிவிடும் அரைவட்ட எடைத்தகடு, பல்சக்கரங்களுக்கு மேலே உட்காருகிறது. இத்தனையும் சேர்ந்துதான் மூழ்குக் கடிகாரத்தின் தடிமன் 12, 13 மி.மீ. வரை போகிறது.

மெலிவு என்ற விதி

கோட்டு சூட்டோடு கட்டும் கடிகாரத்துக்கு மேலைநாட்டார் வகுத்த இலக்கணம் இதற்கு நேர் எதிரானது: இரண்டு முள், வெறுமையான டயல், தோல் வார், முழுக்கைச் சட்டையின் கஃபுக்குள் சத்தமில்லாமல் நுழையும் மெலிவு. விருந்தில் எல்லோரும் பார்க்க மணி பார்ப்பது, எப்போது கிளம்பலாம் என்று கேட்பது போன்ற மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. எனவே கடிகாரம் மறைந்திருக்க வேண்டியதாயிற்று. தடித்த கடிகாரம் கஃபில் சிக்கும், துணியைத் தேய்க்கும். விதியின் வேர் குளிர்நாட்டு முழுக்கைச் சட்டையில் இருக்கிறது.

ஆனால் மணிக்கட்டுக் கடிகாரமே சபையில் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் கனவான்கள் வைத்திருந்தது சட்டைப்பைக் கடிகாரம். விமானத்தை ஓட்டிக்கொண்டே பைக்குள் கைவிட முடியாது என்பதால் 1904-ல் சாண்டோஸ் டூமோன் என்ற விமானிக்குக் கார்ட்டியே மணிக்கட்டுக் கடிகாரம் செய்துகொடுத்தார். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள்தாம் அதை ஆண்கள் மத்தியில் பரப்பின.

அடுத்த கதை நம் நாட்டில் நடந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்தியாவில் போலோ ஆடும்போது மட்டையும் பந்தும் பட்டுக் கடிகாரக் கண்ணாடிகள் உடைந்தன. இங்கே வந்திருந்த சேசர் டி ட்ரே என்ற கடிகார வணிகரிடம் அவர்கள் இதைச் சொன்னார்கள். கூட்டையே புரட்டி, முகத்தை உள்ளேயும் எஃகு முதுகை வெளியேயும் திருப்பிக்கொள்ளும் அமைப்புக்கு 1931-ல் பாரிஸில் காப்புரிமை கோரப்பட்டது. அதுதான் ழேஜர் லெகுல்த்ர் நிறுவனத்தின் ரிவெர்ஸோ. இந்திய மைதானத்தின் அடிதடிக்காகப் பிறந்த அந்த விளையாட்டுக் கடிகாரம் இன்று சூட்டோடு கட்டச் சிறந்தவற்றில் ஒன்று.

1964-ல் வெளிவந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷான் கானரி, வெள்ளை விருந்துக் கோட்டின் கஃபுக்குக் கீழே சப்மரீனர் கட்டியிருந்தார். 1969 டிசம்பரில் சீக்கோ, பேட்டரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட, துல்லியம் மலிவாகப் போகிறது என்று சுவிஸ்காரர்கள் கலங்கினார்கள். 1972-ல் ஓடமார் பிகே நிறுவனம் வெளியிட்ட ராயல் ஓக், சுவிஸ் தரப்பிலிருந்து வந்த துணிச்சலான பதில். ஜெரால்ட் ஜென்டா வரைந்த அதில் எண்கோண வளையமும் எட்டுத் திருகாணிகளும் மூழ்குபவரின் தலைக்கவசத்தைப் போல வெளியே தெரியும். உலோகம் எஃகு, விலையோ தங்கக் கடிகாரத்துக்குரியது. உள்ளே இருந்த தானியங்கி இயந்திரத்தின் உயரம் 3.05 மி.மீ. மட்டுமே. முரட்டு உடலும் மெலிந்த உள்ளுறுப்பும் சேர்ந்ததால் அது கஃபுக்குள் நுழைந்தது. 1976-ல் அவரே படேக் பிலிப்புக்கு வரைந்த நாட்டிலஸும் அதே வழியில் வந்தது.

நம் ஊர் உடைக்கு எது?

நம் வழக்கத்துக்கு வருவோம். வேட்டியோடு நாம் பெரும்பாலும் போடுவது அரைக்கைச் சட்டை. கஃப் இல்லாத இடத்தில் கஃபுக்காக எழுதிய விதிக்கு வேலையில்லை. மேலும் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் புதுக்கோட்டை வெயில் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். வியர்வையில் தோல் வார் ஊறி, நாறி, வெடித்துப்போகும். பந்தியில் எழுந்து கை கழுவும்போது தண்ணீர் தெறிக்கும். எஃகுச் செயினும் நீர் புகாத கூடும் நம் தட்பவெப்பத்துக்கே செய்தவை போல உதவுகின்றன. 1963-ல் தொடங்கிய சீக்கோ ஃபைவ் வரிசையின் அடிப்படை அம்சங்களே தானியங்கி இயந்திரம், கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில், நீர்த்தடுப்பு, நாலு மணிப் பக்கம் ஒதுங்கிய கீ, உறுதியான கூடும் செயினும். நம் அப்பாக்கள் வேட்டிக்கு அதைத் தேர்ந்தது பகட்டுக்காக மட்டுமல்ல. தேவை அறிந்து எடுத்த முடிவு அது.

முழுக்கைச் சட்டையும் கோட்டும் தவிர்க்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வாதாடப் போகும் புதுக்கோட்டை வழக்கறிஞர் கறுப்பு கோட்டுக்கு 13 மி.மீ. மூழ்குக் கடிகாரம் கட்டினால், கையை நீட்டி மடக்கும்போதெல்லாம் கஃப் அதில் மாட்டும். 10 மி.மீ.க்குள் இருக்கும் எஃகுக் கடிகாரம் அவருக்குப் போதும். கடிகாரத்தின் வார்க்கொம்புகள் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டக்கூடாது. டயல் கறுப்பு, வெள்ளை, கருநீலம் என்று அடங்கியிருந்தால் எந்தச் சபைக்கும் பொருந்தும். செயின் தளர்ந்து தொங்கினால் வாட்ச் கடையில் ஒன்றிரண்டு கண்ணிகளைக் கழற்றச் சொல்லலாம். பெரிய கடிகாரத்தைத்தான் கட்டுவேன் என்பவர், இடது கஃபை மட்டும் அரை அங்குலம் தளர்வாக வைக்கும்படி தையற்காரரிடம் சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

மெலிவு மட்டும்தான் வேண்டும் என்றால் சுவிட்சர்லாந்து வரை போக வேண்டியதில்லை. டாடா நிறுவனமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையின் திறமையைக் காட்ட 2002-ல் எட்ஜ் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. முழுக் கடிகாரமும் 3.5 மி.மீ., உள்ளேயிருந்த குவார்ட்ஸ் இயந்திரம் 1.15 மி.மீ. தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் விரல்கள் எட்டிய நுட்பம் அது. நாம் பெருமைப்பட வேண்டிய ஒன்று.

எதை வாங்கினாலும் ஒன்றை மறக்கக்கூடாது. டயலில் உள்ள ‘30 மீட்டர்’ என்ற எழுத்து ஆய்வுக்கூடத்து அழுத்தத்தைக் குறிக்கிறது. கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும், நீந்துவதற்கு ஆகாது. குளத்திலோ கடலிலோ இறங்குபவருக்கு 100 மீட்டர் வேண்டும். ரப்பர் வளையங்கள் சூட்டிலும் சோப்பிலும் வியர்வை உப்பிலும் முதிர்ந்து விரிசல் விடும். மீமிசல் கடலில் குளித்து வந்தால் நல்ல தண்ணீரில் கடிகாரத்தையும் அலச வேண்டும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது வளையங்களை மாற்றி அழுத்தச் சோதனை செய்து வாங்க வேண்டும். பல லட்சம் கொடுத்த கடிகாரமானாலும் பத்து ரூபாய் ரப்பர் போய்விட்டால் உள்ளே துரு ஏறும். விளையாட்டுக் கடிகாரத்துக்குச் சபையில் இடம் வாங்கிக்கொடுத்தது அதன் உறுதி. அந்த உறுதியைக் காப்பாற்றி வைத்திருப்பவர் அதை எந்த உடையோடும் தைரியமாகக் கட்டலாம்.