சூரைச்செடியின் நிழலில் கிடைத்த ஆறுதல்



கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டிய மலைச்சரிவுகளில் வாழும் குடும்பங்களுக்கு மழை என்பது வெறும் வானிலைச் செய்தியன்று. 2016 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் திகதி, ஓயாத அடைமழையினால் அங்குள்ள களுபஹன தோட்டத்துக் குடியிருப்பின் மீது மண் சரிந்து உயிர்களைப் பறித்தது. அதே நாளில் அரநாயக்கவிலும் மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது, ஆறியிருந்த அந்த அச்சம் மலைநாடெங்கும் மீண்டும் விழித்துக்கொண்டது.

இந்த அச்சத்தோடு அன்றாடக் கவலைகளும் சேர்ந்துகொள்கின்றன. மழை பெய்தால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட இயலாது. வேலையில்லா நாளில் வருமானமும் குறையும். அடகில் கிடக்கும் நகை, பிள்ளையின் பரீட்சை, வெளிநாட்டுக்கு உழைக்கச் சென்ற தாயின் வெற்றிடம் என நெஞ்சை அழுத்தும் சுமைகள் எத்தனை! உறக்கம் வராத அந்த இரவுகளில், "விசுவாசமுள்ளவன் இப்படிக் கலங்கலாமா?" என்ற குற்ற உணர்வும் சிலரை வாட்டுகின்றது.

அன்பர்களே, கலக்கம் விசுவாசக் குறைவன்று. திருப்பாடல்கள் நூலைப் புரட்டிப் பாருங்கள். அங்குள்ள 150 பாடல்களில் எத்தனையோ பாடல்கள் புலம்பல்களே. 88 ஆம் திருப்பாடலோ புகழ்ச்சியில் நிறைவுபெறாமல் இருளிலேயே முடிகின்றது. ஆயினும் திருச்சபை அதைத் தன் செபமாகவே போற்றி வருகின்றது. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே துயருற்று, தம்மோடு விழித்திருக்குமாறு பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகியோரிடம் கேட்டார். இறைமகனே நண்பர்களின் துணையை நாடினார் எனில், நாம் துணை தேடுவதில் வெட்கம் என்ன?

முதல் அரசர்கள் நூலின் 19 ஆம் அதிகாரத்தில் எலியாவைக் காண்கிறோம். கார்மேல் மலையில் வெற்றி கண்ட அந்த இறைவாக்கினர், அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்திற்கு ஓடினார். ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு கடவுளிடம் மன்றாடினார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நீண்ட அறிவுரையும் கூறவில்லை. முதலில் அவரை உறங்க விட்டார். பின்னர் வானதூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் தந்தார். மீண்டும் உறங்கச் செய்து, மீண்டும் ஊட்டினார். அதன் பின்னரே ஓரேபு மலையை நோக்கி நாற்பது நாள் நடைப்பயணம். அதன் பின்னரே மெல்லிய ஒலியில் இறைவனின் சந்திப்பு. உடன் உழைக்க எலிசா என்னும் துணை. ஆறுதல் எனும் இறைவனின் கொடை உணவிலும் உறக்கத்திலும் தொடங்கியதைக் கவனியுங்கள்.

இந்நாட்டின் திருத்தூதரான புனித யோசப் வாஸ் அடிகளாரும் இவ்வழியே நடந்தவர். 1687 இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, நோயுற்று வாடினார். 1692 இல் கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டார். ஆயினும் அவரது செபம் ஓயவில்லை. 1697 இல் பெரியம்மை பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்ட வேளையில், அவர்களைத் தேடிச் சென்று பணிவிடை புரிந்தார். சோதனையில் ஆண்டவரிடம் தாம் பெற்ற ஆறுதலைப் பிறருக்கு ஊட்டினார். 2015 சனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒன்றை மறவாதிருப்போம். செபம் நம்மை ஆபத்தில் கட்டிப்போடும் கயிறன்று. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை தூண்டியபோது, இறைவனைச் சோதிக்க இயேசு மறுத்துவிட்டார். எனவே மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டால், செபமாலையைக் கையிலெடுத்து, பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு உடனே வெளியேறுவதே விசுவாசச் செயல். அவ்வாறே, உறக்கமின்மையும் விரக்தியும் நீடித்தால் மருத்துவரை நாடுவதும், 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைப்பதும் அவிசுவாசம் அல்ல. அப்பம் ஏந்திய வானதூதரைக் கடவுள் இன்றும் மனித உருவில் அனுப்புகிறார். மதுக்கிண்ணமோ கவலையை ஓர் இரவு மறைத்துவிட்டு, மறுநாள் வட்டியோடு திருப்பித் தருகின்றது.

இன்று மாலை குடும்பமாகக் கூடி அமருங்கள். ஒவ்வொருவரும் தம்மை வருத்தும் ஒரு கவலையை, சிறுபிள்ளை முதல் பாட்டி வரை, வாய்விட்டுச் சொல்லட்டும். ஒருவரையொருவர் திருத்தாமல் செவிமடுங்கள். பின் செபமாலையின் துயர மறைபொருள்களில் முதலாவதைத் தியானித்து, அக்கவலைகளைக் கெத்சமனியில் முழந்தாளிட்டவரிடம் ஒப்படையுங்கள். அடுத்த வீட்டில் தனித்திருக்கும் ஒருவருக்கு ஒரு கோப்பைத் தேநீரோடு செல்லுங்கள்.

அன்பின் ஆண்டவரே, சோர்ந்த எலியாவைத் தேற்றியது போல எங்களையும் தேற்றியருளும். மழை இரவுகளில் அஞ்சும் எம் உறவுகளைக் காத்தருளும். உம்மிடம் பெறும் ஆறுதலைப் பிறருக்குப் பகிரும் நெஞ்சத்தை எமக்குத் தாரும். ஆமென்.