கேட்டுச் சிரிக்கும் படம்

ஒரு முறை கேட்டுச் சிரித்த வேடிக்கைக்கு மறுமுறை சிரிப்பு வருவது அரிது. ஆயினும், 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை, அதன் வசனங்களை மனப்பாடமாக அறிந்தவர்களும் மீண்டும் பார்த்து மகிழ்கின்றனர். இதற்குக் காரணம் யாது?

ஸ்ரீதர் இயக்கிய இப்படத்தின் ஆக்கத்தில் சித்ராலயா கோபுவுக்கும் பங்குண்டு, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. கதை எளியது. பணத்தையே பெரிதென மதிக்கும் தோட்ட முதலாளி விஸ்வநாதன், அசோக் என்னும் இளைஞனை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார். அவன் அவர் வீட்டெதிரே கூடாரமடித்து, பாட்டாலேயே வேலை கேட்கிறான். பாட்டு இங்கே கதையை நிறுத்தவில்லை, கதையை நடத்துகிறது. பின்னர் அவரது மகளை மணப்பதற்காக, அவன் தன்னைக் கோடீசுவரர் ஒருவரின் மகன் என்கிறான். நண்பன் வாசு கிழவேடம் பூண்டு தந்தையாக வருகிறான். நேற்று விரட்டப்பட்டவன் இன்று மதிப்புக்குரிய மாப்பிள்ளை! ஆள் மாறவில்லை, அவனுக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்பட்ட பணமே மதிப்பை மாற்றியது. இப்பொய்யைப் பார்ப்போர் அனைவரும் அறிவர். முதலாளி ஒருவரே அறியார். திடீர்த் திருப்பத்தை நம்பாமல் மனித குணத்தை நம்பிய நகைச்சுவையாதலின், அது பழகியும் புளிப்பதில்லை.

மற்றொரு காரணம் செவிக்குரியது. படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா, தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் பேய் எதுவும் காட்டப்படுவதில்லை. நாகேஷ் வாயாலேயே ஒலிகளை எழுப்புகிறார். கேட்கும் பாலையாவின் முகத்தில் அச்சம் படிப்படியாக ஏறுகிறது. சொல்பவரைப் போலவே கேட்பவரும் அங்கே பெருங்கலைஞர். 1966 இல் இப்படம் இந்தியில் ‘பியார் கியே ஜா’ என எடுக்கப்பட்டபோது, அவ்விடங்களை மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் ஏற்றனர்.

ஒலியைக் கொண்டு உள்ளத்தில் உருவம் எழுப்புவது வானொலி நாடகத்தின் வழியுமாகும். கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூரை அடுத்த தோப்பூர் போன்ற ஊர்களில், கடலுக்கு அப்பால் உருவான திரைப்பாடல்களை வீடுதோறும் சேர்த்தது வானொலியே. கேட்டே கற்பனை செய்து பழகிய அத்தகைய நேயர்களுக்கு, பாலையா அஞ்சி நடுங்கும் அந்தக் காட்சி புதிதன்று. அவரைப் போலவே தாமும் காணாத ஒன்றை உள்ளத்தில் கண்டவர்களே அவர்கள்.