காலியான காம்பராவும் பழைய சாவியும்

2018 பெப்ரவரியில் ஒரேயொரு தெலுங்குக் கூட்டெழுத்து ஐபோன்களைப் படுக்க வைத்தது. செய்தியில் வந்த அந்த எழுத்தைத் திரையில் வரையப் போனால் செயலி செத்துவிடும். திறந்தால் மறுபடியும் சாகும். 19ஆம் திகதி திருத்தம் வெளியிட்ட ஆப்பிள் சொன்ன காரணம், நினைவகச் சிதைவு. நம் எழுத்துகளில் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து உருமாறுவதால் அவற்றை வரைவதற்கே தனிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்குத்தான் பிசகியது.

அது தற்செயல் பிசகு. இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவியில் இதே இனப் பிழையைத் தேடிப்பிடித்துத் திருடுபவர்கள் உண்டு.

பெல்மதுளைப் பக்கத் தோட்ட லயங்களில் வாழ்ந்தவருக்கு இந்தப் பிழை சட்டென விளங்கும். ஒரு குடும்பம் காலிசெய்த காம்பராவைத் துரை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். பழைய சாவியோ இன்னும் ஒருவர் மடியில். உலாவியும் ஒரு படத்தை நீக்கியதும் அதன் இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்கிறது. அந்த இடத்தின் முகவரியை மட்டும் நிரலின் வேறொரு மூலை மறக்காமல் வைத்திருக்கும். தீய பக்கமொன்று அந்த இடத்தில் தன் தரவைக் குடியேற்றிவிட்டால், உள்ளே இருப்பது பழைய ஆள்தான் என்று நம்பி உலாவி அதன் சொற்படி நடக்கும். எப்போது நீக்குவது, எப்போது நிரப்புவது என்பதையெல்லாம் பக்கத்தோடு வரும் ஜாவாஸ்கிரிப்டே தீர்மானிக்கலாம். முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை நாள் முழுக்க ஓட்டுவதுதானே உலாவியின் வேலை!

குரோம் உலாவியின் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பிழைகள், அவற்றில் பாதி இந்தப் பழைய சாவி வகை என்று 2020இல் அதை உருவாக்குவோரே கணக்குக் காட்டினார்கள். கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. குரோம் எழுதப்பட்ட சி++ மொழியில் இடத்தை விடுவிக்கும் பொறுப்பு எழுதுபவர் தலையில்; பல இலட்சம் வரிகளில் எந்த மனிதருக்கும் ஒன்று தப்பும். மொசில்லா வளர்த்த ரஸ்ட் மொழியோ, இப்படிச் சாவி மிஞ்சும் நிரலை ஓடவிடுவதற்கு முன்பே மறித்துவிடும். அதன் உலாவியான பயர்பொக்ஸின் ஒரு பகுதி 2017இலேயே ரஸ்டுக்கு மாறியது. குரோம் 2022இல் வேறு வழி பிடித்தது: ஒரு சாவியாவது வெளியே இருக்கும்வரை காம்பராவை யாருக்கும் கொடுப்பதில்லை. நினைவகம் கொஞ்சம் வீண்தான். எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது.

ஆனால் இந்தத் திருத்தங்கள் போனுக்கு வந்துசேர வேண்டுமே. கைமாறி வந்த பழைய போனில் அன்ட்ரொய்ட் 7 ஓடினால், 2023இல் வந்த 119ஆம் பதிப்போடு அதற்குக் குரோம் நின்றுவிட்டது.