முள்ளிக்குளத்துப் பிள்ளைகள் எந்த இடாப்பில்?

பாடசாலை மணி பிற்பகல் 1.30க்கு அடித்ததும் இலங்கையின் கல்வித் தரவும் நின்றுவிடுகிறது. கல்வி அமைச்சு ஒவ்வோர் ஆண்டும் பாடசாலைக் கணக்கெடுப்பை நடத்துகிறது. மாணவர் தொகை, ஆசிரியர் தொகை, கட்டடம், தளபாடம் எல்லாம் அதில் வரும். ஆனால் பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு பிள்ளை எங்கே இருக்கிறது, யாரிடம் படிக்கிறது என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

யாழ்ப்பாண நகரத்தில் இந்தக் குறை கண்ணில் படாது. அங்கே மதில்களில் எல்லாம் ரியூசன் விளம்பரம். மன்னாரின் தெற்கு முனையில், வில்பத்துக் காட்டோரம் இருக்கும் முள்ளிக்குளத்தில் நிலைமை வேறு. 2007 செப்டெம்பரில் இந்தக் கத்தோலிக்கக் கிராமத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகும் ஊர் கடற்படை முகாமாகவே இருந்தது. மக்கள் மலங்காடு, காயாக்குழி என்று பிரிந்து குடியேறினார்கள். 2017 மார்ச்சில் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பின்னர், ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை சம்மதித்தது. அப்போதும் பழைய வீடுகள் எல்லோருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரே ஊர்ப் பிள்ளைகள் இப்படிச் சிதறிப்போனால், அவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவருக்கு முதலில் வருகிற கேள்வி பாடத்திட்டம் பற்றியதல்ல. எந்தக் குடியிருப்பில் எத்தனை பேர், எந்த வகுப்பில் படிக்கிறார்கள், இருட்டமுதல் எப்படி வீடு போவார்கள் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைப் பெரிய நகரங்களும் கேட்டிருக்கின்றன. அமெரிக்காவில் வாலஸ் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் நியூயோர்க், பொஸ்ரன், சிக்காகோ, புரொவிடன்ஸ், வொஷிங்டன் ஆகிய ஐந்து நகரங்கள் பாடசாலைக்குப் பிந்திய நிகழ்ச்சிகளை ஒருங்கிணைக்க முயன்றன. அதை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம் 2010இல் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு முழுத் தொகுதி தரவு முறைமைகளைப் பற்றியது. நூலகம், பூங்காத் திணைக்களம், பாடசாலை, தொண்டு நிறுவனம் எனப் பலரும் தனித்தனியே வகுப்பு நடத்திய நகரங்களில், ஒரு பொதுப் பதிவேட்டில் வரவைக் குறிக்கத் தொடங்கியதும் எந்த இடத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள், எங்கிருந்து நழுவிப்போகிறார்கள் என்று பார்க்க முடிந்தது. பதிவு செய்தவர் தொகையும் நாளாந்தம் வருபவர் தொகையும் வேறு வேறு என்பது எந்த மாலை வகுப்பு ஆசிரியருக்கும் தெரிந்த விடயம்தான். ஆனால் நிதி தருபவரின் மேசைக்குப் போவது பெரும்பாலும் முதலாவது தொகை மட்டுமே.

எங்களுக்குக் கிட்டிய உதாரணம் தமிழ்நாட்டில் உண்டு. 2021 ஒக்ரோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. கொரோனாவில் பாடசாலைகள் பூட்டிக்கிடந்த காலத்து இழப்பை ஈடுசெய்ய, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே மாலை வகுப்பு நடந்தது. ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் 1,000 ரூபா ஊக்கத்தொகை. தன்னார்வலர்கள் இணையத்தில் விண்ணப்பித்தார்கள், வரவும் செயலி வழியே பதிவானது. ஏறத்தாழ 19,000 கிராமப்புறப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வொன்று, பாடசாலை திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இத்திட்டம் காரணம் என்றும் கண்டது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது செயலி அல்ல. வகுப்பைப் பாடசாலையில் வைக்காமல் குடியிருப்பில் வைத்ததுதான். எந்தக் குடியிருப்பில் எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு கையில் இல்லாமல் அதைச் செய்திருக்க முடியாது.

முசலிக்கு இதில் எது பொருந்தும்? நகரத்து மென்பொருள் தேவையில்லை. பங்குத்தந்தையின் மண்டபம், விளையாட்டுக்கழகம், தனியார் ரியூசன், தொண்டு நிறுவனத்தின் வாசிப்பு வட்டம் எதுவானாலும், கோட்டத்துக்குள் மாலையில் பிள்ளைகளைக் கூட்டுகிறவர்கள் ஒரே மாதிரியான இடாப்பை வைத்தால் தொடங்கலாம். பிள்ளைக்கு ஓர் இலக்கம், குடியிருப்பு, வகுப்பு, வந்த நாட்கள், வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர். ஐந்து நிரல் போதும். தவணைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரே நாளில் ஒரே பிள்ளைகளுக்கு மூன்று இடத்தில் கணிதம் நடக்கிறது, அடுத்த குடியிருப்பில் எதுவுமே இல்லை என்பது தெரியவரும். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய ஆண்டில் யார் வரவை நிறுத்தினார்கள் என்பதும் தெரியும். அந்தப் பிள்ளை கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டதா என்று வீட்டில் போய்க் கேட்க அப்போது இன்னும் நேரம் இருக்கும்.

இடாப்பு யாரிடம் இருக்கும் என்பதுதான் சிக்கலான இடம். முகாமுக்குப் பக்கத்தில் வாழும் மக்கள் பட்டியல் எழுதக் கொடுத்துக் களைத்தவர்கள். குடும்ப விபரம், காணி விபரம், ஊர்வலத்துக்கு வந்தவர் விபரம் என்று ஏற்கெனவே போதுமான அளவு கொடுத்திருக்கிறார்கள். வன்னியில் முன்பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளமே சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கொடுத்த நிலைமையை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளின் கல்விக்குள் சீருடை எவ்வளவு இலகுவாக நுழையும் என்பதற்கு அது சான்று. எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எந்தப் பாதையால் தனியாகப் போகிறது என்ற தகவல் தவறான கையில் கிடைத்தால் அது பாதுகாப்புப் பிரச்சினை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவை விசேட வகையாகவே பார்க்கிறது. ஆனால் சட்டத்துக்காகக் காத்திராமல் வடிவமைப்பிலேயே சிலதைத் தவிர்க்கலாம். பெயரும் பாதையும் வகுப்பு நடத்துகிறவரின் கொப்பிக்குள் நிற்கட்டும். கோட்டத்துக்கோ நிதியாளருக்கோ போவது இலக்கமும் எண்ணிக்கையும் மட்டும். பெற்றோர் எப்போது கேட்டாலும் தங்கள் பிள்ளையின் வரியைப் பார்க்கவும் வெட்டவும் உரிமை வேண்டும்.

தொலைபேசிச் செயலியைப் பிறகு பார்க்கலாம். ஒரு தவணைக்கு அது காகித இடாப்பாகவே இருக்கட்டும். வகுப்பெடுப்பவர் பெரும்பாலும் உயர்தரம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ஊர்ப் பிள்ளையாக இருப்பார். பின்னேரம் இருபது சிறுவரைச் சமாளிக்கும் அவருக்கு அதை நிரப்ப ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தால், இரண்டாம் வாரமே எல்லோருக்கும் 'சரி' விழத் தொடங்கிவிடும்.