கழுத்தின் வளைவும் வட்டின் தேய்வும்

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்பது பழமொழி. அத்தலையை அல்லும் பகலும் சுமக்கும் கழுத்தையோ, வலி வந்த பின்னரே மக்கள் எண்ணிப் பார்க்கின்றனர். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, “கழுத்தெலும்பின் வளைவு குறைந்துள்ளது, வட்டுத் தேய்ந்துள்ளது” என்று மருத்துவர் கூறியதும் உறக்கம் இழப்போர் பலர். அவ்வச்சம் எவ்வளவு தகும் என்று ஆராய்தல் நலம்.

மனிதனின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. நெடிய கழுத்தையுடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் எண்ணிக்கை அதுவே. முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே வட்டு இல்லை. ஏனையவற்றின் இடையே மெத்தைபோல் வட்டுகள் அமைந்துள்ளன. வட்டின் நடுவே கூழ் போன்ற பகுதியும், அதனைச் சுற்றி வெங்காயத்தின் அடுக்குகள் போன்ற நார்வளையமும் உண்டு. இளமையில் அக்கூழில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு நீரே ஆகும். வட்டின் உட்பகுதியில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதற்கு வேண்டிய ஊட்டம் அடுத்துள்ள எலும்பிலிருந்து கசிந்தே வருதல் வேண்டும். ஆகவே, வட்டு ஊறுபட்டால் எளிதில் ஆறுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல நீர் வற்றி, அதன் உயரமும் குறைகின்றது. இதனையே தேய்வு என்பர்.

பக்கவாட்டில் நோக்கினால், கழுத்தெலும்புத் தொடர் முன்புறமாக மெல்ல வளைந்திருக்கும். குழந்தை தலை நிமிர்த்தப் பழகும் பருவத்தில் இவ்வளைவு உறுதிப்படுகின்றது. வட்டுகள் முன்புறம் சற்றுத் தடித்தும் பின்புறம் மெலிந்தும் இருப்பது இதற்கு ஒரு காரணம். வளைவு செம்மையாக இருக்கும்போது தலையின் பாரம் முன்னுள்ள வட்டுகளுக்கும் பின்னுள்ள சிறு மூட்டுகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. தலை கவிழ்ந்தாலோ வட்டின் முன்புறத்தில் அழுத்தம் கூடுகின்றது. பிடரித் தசைகளும் ஓயாது இழுத்துப் பிடிக்க வேண்டியுள்ளது. நிமிர்ந்த நிலையில் 5 கிலோ அளவான பாரம், 60 பாகை கவிழ்ந்தால் 27 கிலோவுக்கு ஈடாகும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணக்கிட்டார். அது கணிப்பொறியில் போட்ட கணக்கேயன்றி, உயிருள்ள கழுத்தில் அளந்து கண்டதன்று.

அங்ஙனமாயின், வளைவு குறைந்ததால் வட்டுத் தேய்ந்ததா? வட்டுத் தேய்ந்ததால் வளைவு குறைந்ததா? இரண்டும் நிகழக்கூடும். வட்டின் தடித்த முன்புறம் தாழ்ந்தால் வளைவு தானே நிமிர்ந்துவிடும். தசை இறுகினாலும், படம் எடுக்கும்போது மோவாயைத் தாழ்த்தினாலுங்கூட வளைவு குறைந்து தோன்றும். ஆகவே, ஒரு படத்தைக் கொண்டு காரணத்தையும் காரியத்தையும் பிரித்தறிதல் அரிது.

மேலும், தேய்வு வேறு, நோய் வேறு. கழுத்துநோய்க்குரிய குறி ஏதும் இல்லாத 497 பேரை ஜப்பானிய மருத்துவர்கள் காந்தப் படக்கருவியால் ஆராய்ந்து 1998இல் முடிவை வெளியிட்டனர். 60 வயதைக் கடந்த ஆடவரின் வட்டுகளில் நூற்றுக்கு 86உம், பெண்டிரின் வட்டுகளில் 89உம் தேய்ந்திருந்தன. நரைத்த முடியை நோயென்று எவரும் கருதுவதில்லை. வட்டின் தேய்வும் பெரும்பாலும் அத்தகையதே.

அஞ்சத்தக்க குறிகள் வேறு. கையில் வலுக் குறைதல், சட்டைப் பொத்தானைப் பூட்ட இயலாமை, நடை தள்ளாடுதல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியன தண்டுவடம் நெருக்கப்படுவதைக் காட்டலாம். இவை தோன்றின் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். முடி திருத்தும் கடையில் ‘சொடக்கு’ எடுப்பதாகக் கழுத்தைத் திடீரெனத் திருப்புவதும் தவிர்க்கத்தக்கது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அதனால் கிழிந்து, பக்கவாதம் நேர்ந்ததுண்டு.

கட்டுக்கட்டாகப் பயிற்சி நூல்களைத் திருத்தும் ஆசிரியர்களும், கைப்பேசியில் கவிழ்ந்து கிடக்கும் மாணவர்களும் செய்யத்தக்கது எளியதே. நூலைக் கண்ணுக்கு அருகே உயர்த்துக. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க. கழுத்துத் தசைகளை நாள்தோறும் மெல்லப் பயிற்றுக. எந்த நிலையும் நெடுநேரம் நீடித்தால் தீங்கே. கழுத்து அசைவதற்கென்றே அமைந்த உறுப்பாகும்.