போலீஸ் வாக்கி-டாக்கிக்கும் வாடகை உண்டா? அரசுத் துறைகளின் அலைக்கற்றையை யார் கண்காணிக்கிறார்கள்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, ராணுவம் இறங்கி மக்களை மீட்க வேண்டியிருந்தது.

இந்த மாதிரி ராத்திரிகளில் கரன்ட் போய், செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் மிச்சமிருப்பது வயர்லெஸ்தான். போலீஸின் வாக்கி-டாக்கி, தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து போன படகு கடலில் உதவி கேட்கும் 156.8 மெகாஹெர்ட்ஸ், புயலைப் பார்த்துச் சொல்லும் காரைக்கால் ரேடார் என ஒவ்வொன்றும் காற்றில் தனக்கென ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறது. 102.8-ல் பாடும் அரசு வானொலி எஃப்.எம்.முக்கும் அப்படித்தான். அந்த இடத்தின் பெயர்தான் அலைக்கற்றை, அதாவது ஸ்பெக்ட்ரம்.

ஸ்பெக்ட்ரம் என்றதும் நம்ம ஊரில் எல்லோருக்கும் 2ஜி ஞாபகம்தான் வரும். 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, கம்பெனிகளுக்கு ஏலம் என்பது வழக்கமாகிவிட்டது. 2022 ஆகஸ்ட் 1-ல் முடிந்த 5ஜி ஏலத்தில் மட்டும் 1,50,173 கோடி ரூபாய். இவ்வளவு கொடுத்து வாங்கியதை எந்தக் கம்பெனியும் சும்மா போட்டு வைக்காது.

அரசுத் துறைகளுக்கு ஏலம் கிடையாது. விண்ணப்பம் போட வேண்டும், உரிமம் வரும். ஒரு சூத்திரப்படி கட்டணம் கட்ட வேண்டும். ஆக, வாடகை உண்டு; ஆனால் சந்தை விலை இல்லை. உதாரணத்துக்கு ரயில்வே. 700 மெகாஹெர்ட்ஸ் பேண்டை 2016, 2021 இரண்டு ஏலங்களிலும் எந்தக் கம்பெனியும் தொடவில்லை, அவ்வளவு விலை. அதிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸை 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ரயில் பாதுகாப்புக்காக ஏலமின்றி ஒதுக்கியது.

புதுச்சேரிக்கு முதல்வர் உண்டு, சட்டமன்றம் உண்டு. காற்று மட்டும் டெல்லியுடையது. யாருக்கு எந்த அலைவரிசை என்பதை, 1952-ல் தொடங்கிய வயர்லெஸ் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு (டபிள்யூ.பி.சி.) முடிவு செய்கிறது. இது தொலைத்தொடர்புத் துறையின் கீழ் வருவது. இந்த விஷயத்தில் புதுச்சேரி அரசும் ஒரு விண்ணப்பதாரர்தான்.

சரி, கொடுத்ததைப் பயன்படுத்துகிறார்களா என்று யார் பார்ப்பது?

அதே துறையின் கீழ் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. அதற்கு சென்னை பெருங்குடியில் ஒரு நிலையமும் உண்டு. விமான நிலைய அலைவரிசையில் வேறு ஏதாவது சிக்னல் குறுக்கே வந்தால் அதைத் தேடிப் பிடிப்பது இவர்கள் வேலை. ஆனால் குறுக்கே வந்தால்தான் புகார் வரும். ஒரு துறை வாங்கி வைத்துவிட்டு வருடக்கணக்கில் மூச்சே விடாமல் இருந்தால் யார் புகார் கொடுப்பார்கள்? கொடுப்பதும் கண்காணிப்பதும் ஒரே துறை என்பதுதான் இதில் உறுத்துகிற விஷயம்.

வெளியிலிருந்து வந்து பார்த்தது சி.ஏ.ஜி. அரசுத் துறைகளுக்கு ஏலமின்றிக் கொடுத்த அலைக்கற்றை பற்றி மட்டுமே தனியாக ஒரு தணிக்கை அறிக்கையை 2022-ல் வெளியிட்டது. கட்டணச் சூத்திரம் 2012-க்குப் பிறகு மாறவே இல்லை என்றது. முக்கியப் பயனாளர்களும் ரேடியோ நிபுணர்களும் சேர்ந்த ஓர் அமைப்பு இதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2ஜி அறிக்கைக்கு வந்த கூச்சலில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு வரவில்லை. 1.76 லட்சம் கோடி மாதிரி ஒரு நம்பர் இதில் இல்லையே!

வாங்கியதைத் திரும்பக் கேட்பதும் லேசான காரியமில்லை. ராணுவம் சில அலைவரிசைகளை விட்டுக்கொடுக்க, பதிலுக்கு அதற்கென தனி ஃபைபர் நெட்வொர்க் போட்டுத் தரவேண்டி வந்தது. பி.எஸ்.என்.எல். செய்த அந்த வேலைக்கு ஒதுக்கிய தொகை 2018-ல் 24,664 கோடி ரூபாயாக உயர்ந்தது. புதுச்சேரியை ஒருகாலத்தில் ஆண்ட பிரான்ஸில் இதற்கென்றே 1997-லிருந்து ‘ஏ.என்.எஃப்.ஆர்.’ என்ற தனி முகமை இருக்கிறது. அமைச்சகங்களுக்குள் அலைவரிசையைப் பங்கிடுவதோடு, ஒருவர் காலி செய்து போகும் செலவுக்குத் தனி நிதியும் வைத்திருக்கிறது.

இங்கே 2023 தொலைத்தொடர்புச் சட்டம்தான் புதிய ஆயுதம். ஏலம் தேவையில்லாத 19 வகைகளை அது பட்டியல் போட்டுவிட்டது. பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை, வானிலை எல்லாம் அதில் அடக்கம். போதிய காரணமில்லாமல் பயன்படுத்தாமல் கிடந்தால், விளக்கம் கேட்டுவிட்டு ஒதுக்கீட்டை மத்திய அரசு ரத்து செய்யலாம் என்கிறது 7-வது பிரிவு. 2024 ஜூலையில் அது அமலுக்கும் வந்துவிட்டது.

ஆனால் ‘பயன்படுத்தாமல் கிடப்பது’ என்றால் என்ன? புதுச்சேரியில் பேரிடருக்கென்று ஒதுக்கிய ஒரு சேனல் வருஷத்தில் 360 நாள் அமைதியாக இருக்கலாம், ஃபெஞ்சல் மாதிரி ஒரு ராத்திரியில் அதுவே உயிர். பக்கத்தில் இன்னொரு சேனல், யாரோ எப்போதோ வாங்கி மறந்துபோனதாக இருக்கலாம். டெல்லியில் இருக்கும் ஃபைலில் இரண்டுமே ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல, அந்த ஊரின் போலீஸையும் மீனவரையும் வானிலைக்காரரையும் கேட்டாக வேண்டும்.